வீட்டைப் பார்த்து ஒரு பில், மீட்டரைப் பார்த்து ஒரு பில்

சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர் வாடகை கொடுப்பதில்லையே தவிர, அந்த வீட்டின் பெயரில் ஆண்டு முழுவதும் யாருக்காவது பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரி. குடிநீர் வாரியத்துக்குக் குடிநீர், கழிவுநீர் வரி. அது போதாதென்று தனியாகக் குடிநீர்க் கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில். இதில் எது எதற்கு, எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டால், பல ஆண்டுகளாக ஒரு தவணைகூடத் தவறாதவரும் உதட்டைப் பிதுக்குவார். கட்டச் சொன்னார்கள், கட்டுகிறோம் என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

இந்தத் தொகைகள் எல்லாமே கையில் ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் இருந்தால் நாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குகள். போட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

முதலில் வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாடு. கட்டணம் என்பது நாம் வாங்கிய சரக்குக்கு விலை. எத்தனை யூனிட் ஓடியதோ அத்தனைக்குப் பணம். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாதம் ஊருக்குப் போனால் பில் இறங்கிவிடும். வரி அப்படியல்ல. பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கும் சொத்து வரி முழுதாக வரும். தெருவிளக்கு, மழைநீர் வடிகால், கொசு மருந்து, குப்பை லாரி ஆகியவற்றை யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று மீட்டர் வைத்து அளக்க முடியாது. அதனால் ஊரில் யாருக்கு எவ்வளவு சொத்து இருக்கிறது என்பதை அளவுகோலாக வைத்துச் செலவைப் பங்கு போடுகிறார்கள்.

இரண்டும் ஒரே இடத்தில் வந்து குழப்புவது குடிநீர் வாரியத்தில்தான். சொத்து வரிக்காக மாநகராட்சி நிர்ணயிக்கும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதத்தைக் குடிநீர், கழிவுநீர் வரியாக வாரியம் வாங்குகிறது. இணைப்பே வாங்காமல் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பியிருப்பவரும் இதைக் கட்டவேண்டும். இணைப்பு வாங்கியவருக்கு அதற்கு மேல் கட்டணமும் உண்டு. "ஒரு தண்ணீருக்கு இரண்டு முறையா பணம்?" என்று வாரிய அலுவலகக் கவுன்ட்டரில் கேட்காதவர் குறைவு. ஒன்று ஊரில் குழாயும் சாக்கடையும் இருப்பதற்காக, மற்றொன்று உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்காக. இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு யாரும் மகிழ்ச்சியோடு திரும்பியதாகத் தெரியவில்லை; ஆனால் விளக்கம் இதுதான்.

வரி கட்டுபவருக்கும் வரி போடுபவருக்கும் உள்ள இழுபறி சென்னைக்குப் புதிதல்ல. 1670-களிலும் 80-களிலும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர்கள் நகரத்தில் வீட்டு வரி போட முயன்றபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த ஜோசையா சைல்டு இதற்கு ஒரு வழி கண்டார். கம்பெனி அதிகாரத்தைக் காட்டி ஆறு பென்ஸ் கேட்டால் தரமாட்டார்கள். தங்களுக்குள்ளேயே ஆட்களை வைத்து வரி போட்டுக்கொள்ளச் சொன்னால் ஐந்து ஷில்லிங்கூட மனமுவந்து தருவார்கள் என்பது அவருடைய கணக்கு. பழைய ஆங்கிலப் பணத்தில் அது பத்து மடங்கு. 1687 டிசம்பரில் சாசனம் எழுதப்பட்டு, 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி உருவானது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். ஆக, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி பிறந்ததற்கு ஊர்ப்பற்றைவிட வரி வசூல்தான் பெரிய காரணம்.

சைல்டின் கணக்கில் தந்திரம் இருந்தாலும் உள்ளே ஒரு நியாயமும் இருந்தது. வரி கட்டுபவனுக்கு அதைத் தீர்மானிப்பதில் பங்கு வேண்டும். பிறகு பிரிட்டிஷ் ஆட்சியில் அதையே தலைகீழாக்கி, வரி கட்டுபவனுக்குத்தான் ஓட்டு என்று வைத்திருந்தார்கள். சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இல்லாதவர் வாக்காளர் பட்டியலில் ஏற முடியாது. அரசியலமைப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்தது. 

இனி சொத்து வரி எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்று இங்கே பார்ப்பதில்லை. வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு மதிப்புப் போடுகிறார்கள். உண்மையில் வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, என்ன வாடகை வாங்குகிறீர்கள் என்பதை வைத்து அல்ல. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாநகராட்சி ஒரு அடிப்படை விகிதம் வைத்திருக்கிறது. அதைக் கட்டடத்தின் பரப்பால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதிலிருந்து ஆண்டு மதிப்பு. கட்டடம் பழையதாக இருந்தால் தேய்மானக் கழிவு. உரிமையாளரே குடியிருந்தால் அதற்கும் ஒரு கழிவு. கடை என்றால் விகிதமே வேறு. கடைசியில் வரும் ஆண்டு மதிப்பில் குறிப்பிட்ட சதவீதம்தான் அரையாண்டு வரி.

இதனால்தான் ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளுக்கு, அடுத்தடுத்த தெருவில் இருந்தாலும், வேறு வேறு வரி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன கட்டுகிறார் என்று விசாரித்துவிட்டுக் கொதிப்பதற்கு முன்னால் தெரு விகிதம், பரப்பு, கட்டடத்தின் வயது, குடியிருப்பவர் யார் என்று பார்க்கவேண்டும். பரப்பில்தான் தகராறு அதிகம். அடுக்குமாடி வீடு வாங்கியவரிடம் மூன்று அளவுகள் இருக்கும்: பில்டர் விளம்பரத்தில் போட்டது, பத்திரத்தில் ஏறியது, மாநகராட்சிப் பதிவேட்டில் இருப்பது. மொட்டை மாடிக்கும் படிக்கட்டுக்குமான பங்கை ஏற்றிச் சொன்ன அளவு முதலாவது. மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பாகம் இன்னொரு எண். கட்டடத்தின் பரப்பு அது அல்ல. வரிக்குக் கணக்கு பதிவேட்டில் உள்ள எண்தான். அது தப்பாக இருந்தால் அரையாண்டுக்கு அரையாண்டு அந்தத் தப்புக்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

அந்த எண் எவ்வளவு முக்கியம் என்பது 2022-இல் தெரிந்தது. சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி சீராய்வே நடக்கவில்லை. 2018-இல் ஒரு உயர்வு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பி, 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. கால் நூற்றாண்டு விலைவாசியை ஒரே மூச்சில் ஈடுகட்டுவது போல 2022 ஏப்ரலில் உயர்வு வந்தது. மாநகராட்சியின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். அம்பத்தூர் போல 2011-இல் சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கு முறையே 25, 50, 75, 100.

மயிலாப்பூரில் 1,190 சதுர அடி வீடு ஒன்றுக்கு அதுவரை அரையாண்டு வரி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் ஏறினால் 2,625. அதே வீட்டைப் பதிவேட்டில் 1,210 என்று எழுதியிருந்தால் 100 சதவீதம் ஏறி 3,000. இருபது சதுர அடி, ஒரு குளியலறைகூட அல்ல. ஆனால் ஆண்டுக்கு 750 ரூபாய் வித்தியாசம், ஆண்டுதோறும்.

இவ்வளவு நாள் தூங்கிவிட்டுத் திடீரென்று ஏற்றியதற்கு மாநில அரசு காட்டிய காரணங்களில் ஒன்று 15-ஆவது நிதிக்குழு. நகர உள்ளாட்சிகளுக்கு ஒன்றிய அரசின் மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கவேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப அதை ஆண்டுதோறும் ஏற்றவேண்டும் என்று அது நிபந்தனை வைத்தது. அதன் தொடர்ச்சிதான் ஆண்டுக்கு 6 சதவீத உயர்வு. சென்னை மாமன்றம் 2024 செப்டம்பரில் அதற்குத் தீர்மானம் போட்டது. மேலே சொன்ன 2,625 ரூபாய் இப்படித்தான் 2,782 ரூபாய் 50 காசு ஆகிறது. என்னைக் கேட்டால், 24 ஆண்டுகள் ஒரு பைசாவும் ஏற்றாமல் ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட ஆண்டுக்கு ஆறு சதவீதம் மேல். ஆனால் ஒரு நெருடல். 2016-இலிருந்து சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 பிப்ரவரியில்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஓட்டுப் பதிவாகி ஆறு வாரத்தில் உயர்வு அறிவிப்பு. வேட்பாளர்கள் தெருத்தெருவாக வந்தபோது இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ரசீதில் கண்ணில் படாத ஒரு வரி இருக்கிறது, நூலக வரி. 1948-இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதுவே முதல், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் வாதாடிப் பெற்றது. நூலகத்துக்கு அரசு தயவில் பணம் வரக்கூடாது, வீட்டு வரியோடு ஒட்டிக்கொண்டு தானாக வரவேண்டும் என்பது அதன் உள்ளோட்டம். இப்போது சொத்து வரியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நூலக வரி சேர்த்து வாங்கப்படுகிறது. உங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கு உறுப்பினராகப் போகாவிட்டாலும் அங்கே தொங்கும் நாளிதழுக்கு நீங்களும் சந்தாதாரர்தான். உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகக் கொடுக்கின்றனவா என்பது தனிக் கதை. வாசகர்களும் எழுத்தாளர்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி.

கட்டும் தேதியில் கொஞ்சம் லாபம் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். நம் 2,782 ரூபாய்க்கு ஏறக்குறைய 139 ரூபாய் மிச்சம். தள்ளிப்போட்டால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி.

இனி மீட்டருக்கு வருவோம். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016-இல் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானபோது எல்லா வீடுகளுக்கும் வந்த சலுகை. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 101 முதல் 200 யூனிட் வரை 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. இது 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு. 500-ஐத் தாண்டியவருக்கு 2.35 என்ற படியே கிடையாது, 101-லிருந்தே 4.70 தொடங்கும். 500-க்கு மேல் யூனிட் 8.40, பிறகு 9.45, 10.50, 11.55 என்று ஏறும்.

சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 235, 940, 630 சேர்த்து 1,805 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 1,410, 630, 8.40 சேர்த்து 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். "போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் கொஞ்சம்தான் கூட ஓடியிருக்கிறது, பணம் மட்டும் எப்படி இவ்வளவு?" என்று மின்வாரியக் கவுன்ட்டரில் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு விடை இந்தப் படியில்தான் இருக்கிறது.

இதனால் ரீடிங் எடுக்க ஆள் எப்போது வருகிறார் என்பதும் பணம். ஒரு வீட்டில் நாளைக்கு 8 யூனிட் ஓடுகிறது. 60-ஆம் நாள் கணக்கெடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். கணக்கீட்டாளர் ஆறு நாள் தாமதமாக வந்தால் 528 யூனிட், 2,275 ரூபாய். அடுத்த முறை 54 நாளிலேயே எடுத்து ஈடுகட்டினாலும் 432 யூனிட்டுக்கு 1,377 ரூபாய். இரண்டு தவணையையும் கூட்டினால் சரியான தேதியில் வந்திருந்தால் கட்டியிருக்க வேண்டியதைவிட 294 ரூபாய் அதிகம். வீட்டில் ஒரு பல்பு கூடுதலாக எரியவில்லை. வெள்ளை அட்டையில் தேதியையும் ரீடிங்கையும் எழுதி வாங்கி வைத்த தலைமுறைக்கு இது தெரியும். இப்போது பில் கைப்பேசிக்கு வருவதால் பலர் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். முந்தைய ரீடிங் தேதியும் கணக்கு விவரத்தில் இருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர் நிலைமை இன்னும் மோசம். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். குடியிருப்பவருக்கு ஒரு சப்-மீட்டர், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாய்மொழி ஒப்பந்தம். தனி இணைப்பு இருக்கும் வீட்டில் 200 யூனிட் ஓடினால் வாரியத்துக்குச் சேரவேண்டியது 235 ரூபாய். வாடகைதாரர் கொடுப்பது 1,600. வீட்டுக்காரர் எப்போதும் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஒரே இணைப்பில் இரண்டு குடும்பங்கள் இருந்து ஆளுக்கு 200 யூனிட் ஓட்டினால் 400 யூனிட்டுக்கு 1,175 ரூபாய் வரும். தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் 470-இல் முடிந்திருக்கும். இரண்டாவது இணைப்பு வாங்காத சோம்பலுக்கு விலை 705 ரூபாய். அதைக் குடியிருப்பவர் தலையில் கட்டுகிறார்கள். வீடு பார்க்கப் போகும்போது மாத வாடகை, முன்பணத்தோடு தனி மின் இணைப்பு உண்டா என்றும் கேட்பது நல்லது. சொத்து வரியும் கடைசியில் வாடகைக்குள்தான் போய் உட்காருகிறது. ரசீதில் மட்டும் உரிமையாளர் பெயர்.

விலையை யார் வைக்கிறார்கள் என்பதிலும் இரண்டுக்கும் வேறுபாடு. சொத்து வரியை மாநில அரசின் விதிகளும் மாமன்றத் தீர்மானமும் தீர்மானிக்கின்றன; பிடிக்கவில்லை என்றால் கவுன்சிலரைப் பிடிக்கலாம். மின்கட்டணத்தைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. மின்வாரியம் வரவுசெலவைக் காட்டி மனுப்போடும். நுகர்வோர் எழுத்திலும் நேரிலும் ஆட்சேபம் சொல்லலாம். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் அப்படிக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. செப்டம்பரில் கட்டணம் ஏறியது. கூடவே, ஜூலை தோறும் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப, 6 சதவீதத்துக்கு மிகாமல் ஏற்றிக்கொள்ளவும் ஆணையம் அனுமதித்தது. 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. 2024-இல் நம் தலைக்கு வந்தது.

பில் தப்பு என்று தோன்றினால் வாய்ச்சண்டையால் பயனில்லை. மீட்டரில் சந்தேகம் என்றால் கட்டணம் செலுத்திச் சோதிக்கச் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் குறைதீர்ப்பாளர். சொத்து வரி மதிப்பீட்டுக்கும் மேல்முறையீடு உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதும் எழுத்து மனுவும். விசாரணை முடியும் வரை பணத்தைக் கட்டாமல் நிறுத்தி வைப்பது சிலருக்கு வீரமாகத் தெரியலாம். மின்சாரத்தில் அது ஃபியூஸ் பிடுங்குவதில் முடியும். ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுவதே புத்திசாலித்தனம்.

பழைய வீடு வாங்குபவர்களுக்கு இரண்டு வார்த்தை. சொத்து வரி பாக்கி ஆளோடு போகாது, சொத்தோடு வரும். விற்றவர் வைத்துவிட்டுப் போன நிலுவைக்கு நோட்டீஸ் உங்கள் வாசலில்தான் ஒட்டப்படும். பத்திரம் எழுதும் முன்னால் மண்டலம், வார்டு, பில் எண்ணைப் போட்டு இணையத்தில் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வாங்கிய பிறகு சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு மூன்றிலும் தனித்தனியே பெயர் மாற்றம் செய்யவேண்டும். பெயர் மாறிய வரி ரசீது கையில் இருப்பதால் வீடு உங்களுடையது என்று நிரூபணம் ஆகிவிடாது. யார் வரி கட்டுகிறார் என்பதற்கு மட்டுமே அது சான்று. உரிமைக்குப் பத்திரமும் பட்டாவும் பார்க்கவேண்டும்.

சிறிய அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது இணைப்பு தனிக் கட்டணப் பிரிவில் வருகிறது. அதற்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாத, லிப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 நவம்பர் 1 முதல் அந்தக் கட்டணம் யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. உங்கள் கட்டடம் அந்த வரம்புக்குள் இருந்தும் பொது பில் பழைய பிரிவிலேயே வந்துகொண்டிருந்தால், பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள்.